பாதரச ஊரில் லேஸ் கற்கிறேன்: இத்ரியா நாட்குறிப்பு

சனி, இரவு

ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவிலிருந்து இத்ரியாவுக்கு 60 கிலோமீட்டர்தான். லோகாதெட்ஸ் வரை பஸ் வேகமாகப் போனது. கோதோவிச் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து இறங்க ஆரம்பித்தது. நாலாபுறமும் காட்டு மலைகள், நடுவில் இத்ரிட்சா ஆறு, ஆற்றங்கரையில் ஊர். மேற்கு ஸ்லோவேனியாவின் மூலையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்திருப்பது லேஸ் பின்னக் கற்றுக்கொள்ள.

குரோஷா எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரே ஒரு ஊசியும் ஒரே ஒரு நூலும் வைத்துக்கொண்டு செய்வது அது. நான் கற்க வந்திருப்பது வேறு: திண்டின் மேல் குண்டூசி குத்தி, மரக் குச்சிகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் பாபின் லேஸ். வீடியோ பார்த்துக் கற்க முயன்றால் இரண்டு கையும் எந்த நேரத்தில் எங்கே போகின்றன என்றே பிடிபடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துத் திருத்த ஒருவர் வேண்டும்.

அப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர் இது. இத்ரியாவில் லேஸ் பின்னியதற்கான முதல் எழுத்துப் பதிவு 1696-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்குள்ள லேஸ் பள்ளி 1876-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. 2018-இல் ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் கலையை யுனெஸ்கோ தன் மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து அறைக்கு நடக்கும் வழியிலேயே கடைக் கண்ணாடிகளில் வெள்ளை லேஸ் தெரிந்தது. நின்று பார்க்க நேரமில்லை, இருட்டிவிட்டது.

ஞாயிறு

வகுப்பு நாளைக்குத்தான். இன்று சுரங்கமும் கோட்டையும் பார்த்தேன். லேஸ் கற்க வந்தவளுக்குச் சுரங்கத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இங்கே லேஸ் வளர்ந்ததே சுரங்கத்தால்தான்.

1490-இல் இங்கே பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டது. மரத் தொட்டி செய்கிற ஒருவர் தொட்டியை ஓடையில் ஊறப்போட்டபோது அடியில் பளபளவென்று ஏதோ கனமாகச் சேர்ந்தது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். அதற்கப்புறம் சுமார் 500 வருடம் தோண்டியிருக்கிறார்கள். ஸ்பெயினில் உள்ள அல்மாதெனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய பாதரசச் சுரங்கம் இதுதான். 2012-இல் இரண்டு ஊர்களையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெள்ளிச் சுரங்கங்களில் தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் தேவைப்பட்டதால், இந்தப் பள்ளத்தாக்கின் சரக்கு கடல் தாண்டிப் போயிருக்கிறது.

1500-இல் வெட்டிய அந்தோணியார் சுரங்கப் பாதைக்குள் இப்போது பார்வையாளர்களை அழைத்துப் போகிறார்கள். தலைக்கவசம், மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே நடந்தோம். சுவரில் சிவப்பாக ஓடும் சின்னபார் என்கிற பாதரசத் தாதுவைக் கண்ணால் பார்க்கலாம். சில இடங்களில் பாறையிலேயே பாதரசம் துளித் துளியாக நிற்கிறது. இதன் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும், மனநிலையே மாறும். அப்படி வேலை செய்தும் கூலி குடும்பத்துக்குப் போதவில்லை. அந்த இடைவெளியை வீட்டுப் பெண்கள் லேஸ் பின்னி நிரப்பினார்கள். உள்ளே ஆண்களின் விரல்கள் நடுக்கம் கண்டுகொண்டிருந்த அதே ஊரில், வெளியே பெண்களின் விரல்கள் மயிரிழை பிசகாமல் நூலை நகர்த்திக்கொண்டிருந்தன. சுரங்கத்தை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த நினைப்பு என்னை விடவில்லை.

சுரங்கமும் லேஸும் சேர்ந்து வளர்ந்தது இங்கே மட்டும் அல்ல. ஜெர்மனியின் சாக்சனி மலைப்பகுதியில் அன்னாபெர்க் என்ற சுரங்க ஊரிலும் இதே கதைதான். அங்கே 1500-களில் பார்பரா உட்மன் என்பவர் ஏராளமான பெண்களுக்கு லேஸ் வேலை கொடுத்து வியாபாரம் நடத்தினார். ஜெர்மன் பேசும் பகுதிகளிலிருந்து இத்ரியா சுரங்கத்துக்கு வந்த குடும்பங்களோடு இந்தக் கைவேலையும் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

மாலையில் கெவெர்கெனெக் கோட்டை. 1500-களில் சுரங்க நிர்வாகத்துக்காகக் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். சுரங்க வரலாறும் லேஸ் வரலாறும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. லேஸ் பகுதியில் ஒரு பெரிய மேஜைவிரிப்பு, யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோவின் மனைவி யோவான்கா புரோஸுக்காகச் செய்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். எத்தனை பேர் எத்தனை மாலைகளை இதில் போட்டிருப்பார்கள் என்று விளிம்பு விளிம்பாகப் பார்த்துக்கொண்டே போனேன். காவலாளி மூடும் நேரம் என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

திங்கள்

முதல் வகுப்பு. ஆசிரியைக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆறு வயதில் பாட்டியிடம் கற்றதாகச் சொன்னார். என்னோடு ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரும் கற்கிறார். மூன்று பேருக்கும் பொதுவான மொழி கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கை.

கருவிகளைப் பற்றி நன்றாகவே சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். முதலில் திண்டு. உருளையாக, கெட்டியாக, மரத்தூள் அடைத்தது. அதை ஒரு பிரம்புக்கூடையில் வைத்து எதிரே வைத்துக்கொள்கிறோம். பின்னப் பின்னத் திண்டை உருட்டிக்கொண்டே போகலாம் என்பதால் நாடா எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் வளரும். திண்டைச் சுற்றிக் காகிதத்தில் வரைந்த வடிவம். அப்புறம் குண்டூசிகள். அப்புறம் பாபின்கள்: விரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய மரக் குச்சிகள், கழுத்தில் நூல், கீழே குண்டான கைப்பிடி. இவற்றை இங்கே க்லெக்கெல் என்கிறார்கள்.

பாபின் எப்போதும் ஜோடிதான். ஒரே நூலின் இரு முனைகளை இரண்டு பாபினில் சுற்றுகிறோம், அதனால் தொடக்கத்தில் முடிச்சே வராது. நூல் தானாக அவிழாமல் இருக்கக் கழுத்தில் ஒரு சுருக்கு. வேண்டும்போது பாபினை லேசாக உருட்டினால் தேவையான நூல் மட்டும் இறங்கும். இந்தச் சுருக்கு ஒன்றே அரை மணி நேரப் பாடம்.

பெல்ஜியத்தில் தட்டையான திண்டில் பாபின்களைப் படுக்கப் போட்டுப் பின்னுகிறார்கள். இங்கே பாபின்கள் திண்டிலிருந்து தொங்குகின்றன. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, ஒரு கையில் இரண்டு, மறு கையில் இரண்டு என்று ஏந்திக்கொள்ள வேண்டும். மீதி பாபின்களை இரு பக்கமும் குண்டூசி நட்டு ஒதுக்கிவிடுவோம்.

இனி அசைவுகள். மொத்தமே இரண்டுதான். இடமிருந்து 1, 2, 3, 4 என்று நாலு பாபின்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் இரண்டில் 2-ஐ 3-க்கு மேலாகப் போட்டால் அது குறுக்கு. ஒவ்வொரு கையிலும் வலது பாபினை இடதுக்கு மேலாக, அதாவது 2-ஐ 1-க்கு மேல், 4-ஐ 3-க்கு மேல் போட்டால் அது முறுக்கு. எண்கள் இடத்துக்குத்தான், பாபினுக்கு அல்ல. ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் இடமிருந்து புதிதாக எண்ண வேண்டும்.

குறுக்கு, முறுக்கு. குறுக்கு, முறுக்கு. இரண்டு ஜோடியில் இதையே தொடர்ந்தால் மெல்லிய சடை ஒன்று வளர்கிறது. இன்று முழுக்க அதுதான். ஆசிரியை செய்யும்போது பாபின்கள் மோதும் சத்தம், பல்லாங்குழியில் சோழி விழுவது போல விட்டுவிட்டு இல்லாமல் சரசரவென்று போகிறது. அவர் கையைப் பார்ப்பதே இல்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி பேசிக்கொண்டே பின்னுகிறார்.

செவ்வாய்

இன்று நாடா. இத்ரியா லேஸ் என்று கடையில் பார்ப்பதில் பெரும்பகுதி இதுதான்: ஒரு ஒல்லியான நாடா வளைந்து, சுருண்டு, திரும்பி, தன்னையே தொட்டுத் தொட்டுப் பூவும் இலையுமாக மாறுகிறது. ஏழு ஜோடி போதும். வலென்சியன் போன்ற அகலமான லேஸுக்கு நூற்றுக்கணக்கில் பாபின்கள் தேவை. அவ்வளவு நூலும் கருவியும் வாங்க வசதி இல்லாத குடும்பத்துப் பெண்ணும் ஏழு ஜோடியில் என்ன வடிவம் வேண்டுமானாலும் செய்துவிடலாம். இந்த ஊர் இந்த முறையைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு வியப்பே இல்லை.

துணிப் பின்னலுக்குக் குறுக்கு, முறுக்கு, குறுக்கு. மூன்று அசைவு முடிந்ததும் ஒரு ஜோடி மற்ற ஜோடியைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடும். ஆறு ஜோடி அசையாமல் கீழ்நோக்கித் தொங்க, ஏழாவது ஜோடி ஒவ்வொன்றாகக் கடந்து ஓரத்துக்குப் போகிறது. ஓரத்தில் ஒரு குண்டூசி. அதைச் சுற்றித் திரும்பி மறுபடி வந்த வழியே.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இது பாவும் ஊடையும்! தொங்கும் ஆறு ஜோடி பாவு, ஓடும் ஒரு ஜோடி ஊடை. குரோஷாவுக்குப் பக்கத்து வீடு என்று நினைத்து வந்தது உண்மையில் தறிக்குப் பக்கத்து வீடு. தறியில் பாவு நேராகத்தான் போக முடியும். இங்கே பாவையே வளைக்கலாம், இஷ்டப்பட்ட திசையில் நெய்துகொண்டே திரும்பலாம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆசிரியையிடம் காஞ்சிபுரத்துத் தறியைப் படம் வரைந்து காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, என் ஊடை ஜோடி எது என்று கேட்டார். சரியாகக் காட்டினேன்.

வளைவு வந்தால் ஒரு சங்கதி இருக்கிறது. வெளி ஓரம் நீளம், உள் ஓரம் குட்டை. இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் ஊசி குத்தினால் உள்பக்கம் நெருக்கியடித்துவிடும். அதனால் உள் ஓரத்தில் ஒரே ஊசியை மறுபடியும் பயன்படுத்துகிறோம். வளைவு எவ்வளவு கடுமையோ அவ்வளவு முறை. இதற்குக் கணக்கு இல்லை, கண்தான். ஆசிரியை தன் பெருவிரலால் வளைவைத் தடவிப் பார்த்து, இங்கே இன்னொரு முறை என்கிறார்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோள்பட்டை இறுகும். முழங்கை தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு இடப்பக்கம். அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்கிறார் ஆசிரியை. அந்தக் காலத்தில் இப்படி எழுந்து நடக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

புதன்

மழை. மதியம் வரை வகுப்பு, அப்புறம் அறையில் பயிற்சி.

சாப்பாடு பற்றி ஒரு வரி. இந்த ஊரின் சொத்து ஷ்லிக்ரோஃபி: உருளைக்கிழங்கு அடைத்து, தொப்பி வடிவில் மடித்து வேகவைத்த சின்னக் கொழுக்கட்டைகள். கிழங்கு மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், ஆட்டுக்கறிக் குழம்போடும் தருவார்கள். சைவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள்.

மழை விட்டதும் காம்ஷ்ட் என்கிற பழைய நீர்ச்சக்கரத்தைப் பார்த்து வந்தேன். சுரங்கத் தண்ணீரை இறைக்க 1790-இல் செய்த மரச்சக்கரம், விட்டம் 13.6 மீட்டர். 1948 வரை ஓடியிருக்கிறது.

வியாழன்

இணைப்பு கற்றேன். நாடா திரும்பி வந்து தன்னுடைய பழைய ஓரத்தைத் தொடும் இடத்தில் இரண்டையும் பிணைக்க வேண்டும், இல்லாவிட்டால் திண்டிலிருந்து எடுத்ததும் பூ கலைந்து வெறும் நாடாவாகிவிடும். பழைய ஓரத்தில் உள்ள ஊசியைப் பிடுங்கி, அந்தத் துளை வழியாக மிக மெல்லிய கொக்கி ஊசியை விட்டு, ஊடை நூலில் ஒன்றை வளையமாக இழுத்து, ஜோடியின் மற்ற பாபினை அந்த வளையத்துக்குள் நுழைத்து இரண்டையும் இறுக்க வேண்டும். குரோஷா பழகிய கைக்கு இது சுலபமாகவே வந்தது. நர்ஸம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன், பதிலுக்கு அவர் எனக்குச் சுருக்குப் போடும் வேகமான வழியைக் காட்டினார்.

மாலையில் லேஸ் பள்ளியைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப் பிள்ளைகள், பெண்களும் பையன்களுமாக, ஆளுக்கொரு திண்டின் முன் உட்கார்ந்திருந்தார்கள். 1876-இல் இந்தப் பள்ளியின் முதல் ஆசிரியை இவான்கா ஃபெர்யான்சிச். முதல் உலகப் போருக்குப் பின் இந்த ஊர் இத்தாலியின் கையில் இருந்தது, அப்புறம் யூகோஸ்லாவியா, 1991-இலிருந்து ஸ்லோவேனியா. கொடிகள் மாறிக்கொண்டே இருக்க, வகுப்பு மட்டும் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு சிறுமி தன் நாடாவைக் காட்டி என்னுடையதையும் காட்டச் சொன்னாள். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். உள் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்பது போலக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

வகுப்பில் ஆசிரியையிடம் நாகர்கோவிலைப் பற்றிச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், நம்மில் பலருக்கே தெரியாது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரிகள் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி. மார்த்தா அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, இதே போலத் திண்டில் பின்னும் லேஸைக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, லேஸ் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். மார்த்தாவின் மகள் எலிசா நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர். 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டு இடையன்குடி போனவர், அங்கேயும் பெண்கள் பள்ளியும் லேஸ் வேலையும் தொடங்கினார். கால்டுவெல்லை நமக்குத் தெரியும். எலிசாவை அந்த ஊரின் வயதான பெண்களுக்குத்தான் தெரியும்.

ஆசிரியை பாபினைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அந்தப் பெண்களுக்குக் கூலி யார் கையில் கொடுப்பார்கள், அவர்கள் கையிலா, அப்பா கையிலா என்றார். இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. விடுதலையை அவர்களே வாங்கினார்கள் என்றால் அவர்கள் கையில்தான் வந்திருக்க வேண்டும் என்றேன். தன் பாட்டி லேஸ் காசைத் தனி டப்பாவில் வைத்திருந்ததாகச் சொன்னார். தாத்தாவின் சுரங்கக் கூலி சாப்பாட்டுக்கு, லேஸ் காசு பிள்ளைகளின் செருப்புக்கு.

வெள்ளி

கடைவீதி. இப்போதுதான் பார்க்கத் தெரிந்திருக்கிறது. சனிக்கிழமை இதே கண்ணாடிகளில் எனக்கு வெள்ளையாக ஏதோ அழகு தெரிந்தது. இன்று நாடா எங்கே தொடங்கியது, எங்கே இணைந்தது, வளைவில் ஊசி எத்தனை முறை திரும்பியது என்பதெல்லாம் தெரிகிறது.

கை லேஸா, எந்திர லேஸா என்று கண்டுபிடிக்கச் சில வழிகள். ஊடை நூலைக் கண்ணால் பின்தொடருங்கள். கையால் செய்ததில் அது ஓரத்துக்கு வந்து ஊசி இருந்த இடத்தில் சின்னத் துளை விட்டுத் திரும்பும், வடிவம் முழுக்க அதே நூல் ஓடும். எந்திர லேஸில் பூவுக்குப் பூ நடுவில் வெட்டிய நூல் முனைகள் பிசிறாக நிற்கலாம். கரையும் துணியில் எந்திரத்தால் எம்பிராய்டரி போட்டு, அப்புறம் துணியைக் கரைத்துவிடும் வகையும் உண்டு. தூரத்திலிருந்து அசலாகத் தெரியும், கிட்டே பார்த்தால் பின்னலே இருக்காது, ஊசித்தையல் அடர்ந்து கிடக்கும்.

எந்திரம் வந்தது 1800-களின் தொடக்கத்தில். இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் வலைத் துணி நெய்யும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து கை லேஸின் விலை ஐரோப்பா முழுக்க அடிபட ஆரம்பித்தது. அடிபட்டது யார் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்கள்தான்.

ஒரு கடையில் என் முன்னால் நின்ற ஒருவர் கைக்குட்டை ஓரம் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு, இவ்வளவா என்று வைத்துவிட்டுப் போனார். அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் வேகத்தில் அந்த ஓரத்துக்குப் பல வாரம் ஆகும். தேர்ந்த கைக்கே பல நாள் வேலை. அந்த நாட்களை மணிக்கூலியாகக் கணக்குப் போட்டால், கடையில் எழுதியிருந்த விலை குறைவுதான் என்று உறுதியாகச் சொல்வேன். நம் ஊரில் கைத்தறிச் சேலைக்குப் பேரம் பேசும் இடத்திலும் இதேதான் நடக்கிறது. அதை வாங்கினேன். பேரம் பேசவில்லை.

சனி, காலை

நேற்று மாலை நாடாவை முடித்தேன். கடைசியில் ஒவ்வொரு ஜோடியையும் தொடங்கிய ஓரத்தோடு கொக்கி ஊசியால் இணைத்து, இறுக்க முடிச்சிட்டு, நூலை வெட்டி, குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அத்தனை ஊசியும் போன பிறகும் இலை வடிவம் அப்படியே நின்றது. ஆசிரியை அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். அடுத்த வடிவத்தின் காகிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதில் அரைப் பின்னல் வரும், குறுக்கு முறுக்கு மட்டும், சல்லடையாகத் தெரியும் என்றார்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் வாங்கியதைச் சொல்கிறேன். பாபின் ஏழு ஜோடி, கூடுதலாக ஒரு ஜோடி. துருப்பிடிக்காத மெல்லிய குண்டூசி ஒரு டப்பா, நம் ஈரக் காற்றில் சாதா ஊசி வெள்ளை நூலில் கறை விட்டுவிடும். கொக்கி ஊசி ஒன்று. லினன் நூல் கொஞ்சம். பழகுவதற்குச் சற்றுத் தடித்த பருத்தி நூலே நல்லது, பிரிக்கவும் எளிது, அது நம் ஊரிலேயே கிடைக்கும்.

திண்டு வாங்கவில்லை. பெட்டியில் கொள்ளாது, செய்வதும் கஷ்டம் இல்லை. அளவை எடுத்துக்கொண்டேன். ஊருக்குப் போனதும் மர அறுவை மில்லில் தூள் வாங்கி நன்றாகச் சலித்து வெயிலில் காயவைத்து, மெத்தை தைப்பவரிடம் கொடுக்க வேண்டும். குண்டூசி குத்தினால் ஆடாமல் நிற்கிற அளவுக்கு இறுக்கமாக அடைக்கச் சொல்ல வேண்டும். உறைக்குக் காடாத் துணி வீட்டிலேயே இருக்கிறது.